கருப்பட்டியும் ஆகாது: அல்டோலேஸ் பி குறைபாடுள்ள குழந்தைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "சீனிதான் கெடுதல், கருப்பட்டி மருந்து." பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நம்பிக்கையால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் கல்லீரலில் ஒரே ஒரு நொதி வேலை செய்யாமல் பிறந்த குழந்தைக்கு இந்தப் பேச்சு உயிருக்கே ஆபத்து. அந்த நொதியின் பெயர் அல்டோலேஸ் பி. அது இல்லாவிட்டால், சீனியிலும் தேனிலும் பழத்திலும் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையை உடம்பு தாங்காது. இந்த நோயைப் பிறவி ஃப்ரக்டோஸ் தாளாமை என்று சொல்லலாம். டாக்டர்கள் 'ஹெச்.எஃப்.ஐ.' என்பார்கள்.

மேலை நாடுகளின் கணக்குப்படி ஏறத்தாழ 20,000 முதல் 30,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. அரிதான நோய்தான். ஆனால் இதற்கு விலை உயர்ந்த ஊசியோ, வெளிநாட்டு மருந்தோ தேவையில்லை. சாப்பாட்டை மாற்றினால் போதும், குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். கண்டுபிடிக்காமல் விட்டால் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நொதி என்ன செய்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகிறது

நாம் சாப்பிடும் சீனி என்பது சுக்ரோஸ். குடலில் அது இரண்டாக உடைந்து பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃப்ரக்டோஸாகவும் மாறுகிறது. குளுக்கோஸை உடம்பின் எல்லா செல்லும் பயன்படுத்தும். ஃப்ரக்டோஸில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. கொஞ்சம் சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும் செலவாகிறது.

கல்லீரலுக்குள் நுழைந்த ஃப்ரக்டோஸின் மேல் ஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. இப்படி உருவாவதுதான் ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் என்ற சர்க்கரை பாஸ்பேட். இதை இரண்டு துண்டாக வெட்டுவது அல்டோலேஸ் பி-யின் வேலை. ஒரு துண்டு டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் பாஸ்பேட், இன்னொன்று கிளிசரால்டிஹைட். அதன்பிறகு இரண்டும் வழக்கமான பாதையில் போய் ஆற்றலாகவோ குளுக்கோஸாகவோ மாறிவிடும்.

அல்டோலேஸ் மூன்று வகை. தசையில் ஏ, கல்லீரல், சிறுநீரகம், சிறுகுடலில் பி, மூளையில் சி. ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் என்ற வேறொரு சர்க்கரை பாஸ்பேட்டை மூன்றுமே நன்றாக வெட்டும். ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட்டைச் சரளமாக வெட்டுவது பி மட்டும்தான். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்குத் தசையும் மூளையும் தம் அளவில் நன்றாகவே இருக்கும், அடி விழுவது கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும்.

வெட்டும் நொதி இல்லை, ஆனால் பாஸ்பேட் ஒட்டும் நொதி முழு வேகத்தில் ஓடுகிறது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் மலைபோல் குவிகிறது. செல்லிலிருந்த பாஸ்பேட் எல்லாம் அதில் போய் மாட்டிக்கொள்கிறது. பாஸ்பேட் இல்லாமல் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற பொருளை உண்டாக்க முடியாது, கல்லீரல் செல் ஆற்றலில்லாமல் தவிக்கிறது. உடைந்த ஏ.டி.பி.யின் மிச்சம் யூரிக் அமிலமாகி ரத்தத்தில் ஏறுகிறது. இதோடு, குவிந்த ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட், கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் குளுக்கோஸான கிளைகோஜனை உடைக்கும் நொதியையும் தடுத்துவிடுகிறது, புதிதாக குளுக்கோஸ் செய்யும் பாதையையும் அடைக்கிறது. விளைவு: குழந்தை இனிப்பைச் சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. இனிப்பு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே தலைகீழ். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானே விளங்கும்.

1956-ல் இங்கிலாந்தில் ஒரு நோயாளியிடம் இந்த நோய் முதலில் பதிவானது. குறை அல்டோலேஸில் என்று 1961-ல் தெரியவந்தது. இதற்கான மரபணு 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் குழந்தைக்கு நோய். இருவரும் நோயில்லாமல் ஒரு பழுதான பிரதியை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் கட்டும் குடும்பங்களில் இரண்டு பேருமே ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். இதில் யார் மீதும் குற்றமில்லை.

இது ஒவ்வாமை அல்ல. தடிப்பு, அரிப்பு வராது, அலர்ஜி மாத்திரை உதவாது. பழம் சாப்பிட்டால் வயிறு உப்பிக் காற்றுப் பிரிகிற பெரியவர்களின் தொல்லையும் இது அல்ல. அங்கே ஃப்ரக்டோஸ் குடலிலேயே தங்கிவிடுகிறது, கல்லீரலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

படி 1: எப்போது சந்தேகப்பட வேண்டும்

தாய்ப்பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அது குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது, ஃப்ரக்டோஸ் அதில் இல்லை. எனவே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் வரை இந்தக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும்.

நம் பக்கத்தில் அந்த 'மட்டும்' முதல் நாளே உடைந்துவிடுவதுண்டு. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம். வீட்டின் மூத்தவரோ ராசியானவரோ சீனித் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். சில வீடுகளில் சங்கு நிறையப் புகட்டுவதும் உண்டு. பிறகு தேனில் குழைத்த உரைமருந்து, கிரைப் வாட்டர், பால் பற்றாதென்று பாட்டில் பாலில் ஒரு கரண்டி சீனி. இப்படி ஏதாவது போன பிறகு குழந்தை துவண்டு, வாந்தி எடுத்து, மஞ்சள் காமாலை விடாமல் நீடித்தால் அந்தத் தொடர்பை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். "ஒண்ணும் குடுக்கல, சேனை மட்டுந்தான் வச்சோம்" என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம். அதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

இரண்டாவது வாசல் ஆறாம் மாதம். கருப்பட்டி போட்ட கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், இனிப்புச் சேர்த்த டப்பா உணவு தொடங்கும் நேரம். கொடுத்து அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் வாந்தி, வியர்வை, முகம் வெளுத்துப்போதல், நடுக்கம், அசாதாரணத் தூக்கம். நாள்பட்டால் எடை ஏறாது, வயிறு பெருத்துக் கல்லீரல் கையில் தட்டுப்படும், சிறு காயத்திலும் ரத்தம் நிற்கத் தாமதமாகும்.

மூன்றாவது வகை நழுவிவிடுவது எளிது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை, இனிப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். மிட்டாய் கொடுத்தால் தங்கைக்குக் கொடுத்துவிடும், பதநீரை மூக்கருகே கொண்டுபோனாலே ஓங்கரிக்கும். வாயைத் திறந்து பார்த்தால் பல்லில் ஒரு சொத்தை கூட இருக்காது. "நல்ல பிள்ளை, இனிப்பே கேட்காது" என்று வீட்டார் பெருமைப்படுவார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையின் வயிறும் பெரிதாக, வளர்த்தி குறைவாக இருந்தால் கட்டாயம் சோதிக்க வேண்டும். வற்புறுத்தி இனிப்பு ஊட்டவே கூடாது.

படி 2: சோதனைக்கு முன் சர்க்கரையை நிறுத்துங்கள்

சந்தேகம் வந்த நிமிடத்திலேயே சீனி, கருப்பட்டி, தேன், பழம், இனிப்பு மருந்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிறுத்தியதும் வாந்தி சீக்கிரமே நின்றுவிடும், கல்லீரல் தேற வாரங்கள் பிடிக்கும். இந்த முன்னேற்றமே டாக்டருக்கு ஒரு வலுவான தடயம்.

நிறுத்துவதற்கு முன் எடுத்த சிறுநீர் கிடைத்தால் பயனுண்டு. நீரிழிவு பார்க்கும் குளுக்கோஸ் ஸ்ட்ரிப் இங்கே உதவாது, அது குளுக்கோஸை மட்டுமே காட்டும், ஃப்ரக்டோஸைக் காட்டாது. 'ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ்' பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய பெனடிக்ட் சோதனைதான் அது. சோதனைக் குழாயில் 5 மி.லி. நீலக் கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர், கொதிநீரில் 5 நிமிடம். நீலம் முதலில் பச்சையாகக் கலங்கும், சர்க்கரை கூடுதலாக இருந்தால் மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் அடியில் படியும். ஸ்ட்ரிப்பில் ஒன்றுமில்லை, பெனடிக்டில் நிறம் மாறுகிறது என்றால் குளுக்கோஸ் அல்லாத ஏதோ ஒரு சர்க்கரை வெளியேறுகிறது என்று பொருள்.

இதை வைத்து முடிவு கட்டக்கூடாது, இரண்டு காரணம். இனிப்பு நின்றுவிட்டால் சிறுநீர் சீக்கிரமே தெளிந்துவிடும், நோய் இருந்தும் 'நெகட்டிவ்' வரும். மறுபக்கம், காலக்டோசீமியா என்ற இன்னொரு பிறவி நோயிலும் இதே நிறம் வரும். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது. இனிப்பே படாமல் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு நிறம் மாறினால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும்.

ரத்தத்தில் குளுக்கோஸ், பாஸ்பேட், யூரிக் அமிலம், லாக்டேட், கல்லீரல் பரிசோதனை, ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பாஸ்பேட் இறங்கி யூரிக் அமிலம் ஏறியிருப்பது மேலே சொன்ன குவியலின் நேரடி அடையாளம். நோயை உறுதி செய்வது மரபணுச் சோதனை. ஊதா மூடிக் குழாயில் 2 அல்லது 3 மி.லி. ரத்தம் எடுத்து ஆல்டாப் (ALDOB) என்ற அல்டோலேஸ் பி மரபணுவைப் படிக்கக் கேட்பார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம், தேவைப்பட்டால் அங்கிருந்தே மதுரைக்கோ சென்னைக்கோ எழுதிக்கொடுப்பார்கள். முந்திய காலத்தில் ஃப்ரக்டோஸைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. அது ஆபத்தானது. வீட்டில் "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்பதும் அதே ஆபத்துதான்.

இனிப்பே தொடாமல், காய்ச்சலில் பட்டினி கிடக்கும்போது மட்டும் சர்க்கரை இறங்கி மூச்சு வாங்கும் குழந்தைக்கு வேறொரு நொதி, ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்படேஸ், குறையாக இருக்கலாம். அதன் வைத்தியம் வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

படி 3: கணக்கு

சில வழிகாட்டுதல்கள் மொத்த ஃப்ரக்டோஸை ஒரு நாளைக்கு 1.5 கிராமுக்குக் கீழே வைக்கச் சொல்கின்றன. உங்கள் குழந்தையின் வரம்பை டாக்டரும் உணவியல் நிபுணரும் சொல்வார்கள். கணக்கு எளிது: உணவிலுள்ள ஃப்ரக்டோஸ், அதோடு சுக்ரோஸில் பாதி. இரண்டையும் கூட்டினால் வருவதுதான் கல்லீரலுக்குப் போகும் அளவு.

ஒரு டீஸ்பூன் சீனி 5 கிராம் என்றால் ஃப்ரக்டோஸ் 2.5 கிராம். ஒரு நாள் வரம்பு அந்த ஒரே கரண்டியில் தாண்டிவிட்டது. பதநீரில் 100 மி.லி.க்குப் பத்து கிராமுக்கு மேல் சுக்ரோஸ் இருக்கும், ஒரு டம்ளர் 200 மி.லி. குடித்தால் ஃப்ரக்டோஸ் மட்டுமே 10 கிராம். அந்தப் பதநீரைக் காய்ச்சி வற்றவைத்தால் கருப்பட்டி. சுண்ணாம்பு போட்டாலும், சுக்கு மிளகு சேர்த்துச் சில்லுக்கருப்பட்டியாக ஊற்றினாலும், படிகமாக்கிப் பனங்கற்கண்டாக எடுத்தாலும் உள்ளே இருப்பது அதே சுக்ரோஸ். கருப்பட்டியில் இரும்புச்சத்தும் தாதுக்களும் இருக்கின்றன என்பது உண்மை. அல்டோலேஸ் பி இல்லாத கல்லீரலுக்கு அந்தச் சலுகை எந்த விதத்திலும் உதவாது. இருமலுக்குப் பனங்கற்கண்டுப் பால் கொடுக்கும் பழக்கத்தையும் இந்தக் குழந்தைக்கு விட்டுவிட வேண்டும். தேன் இன்னும் மோசம், அதில் ஃப்ரக்டோஸ் உடைந்த நிலையிலேயே நிறைய இருக்கிறது. நுங்கு, இளநீர், பனம்பழம், வாழை, மாம்பழம் எல்லாம் வேண்டாம்.

காய்களில் 100 கிராமுக்கு ஏறத்தாழ வரும் மொத்த அளவு: பசலை போன்ற கீரை 0.2 கிராம், உருளைக்கிழங்கு 0.35, தக்காளி 1.4, கத்தரிக்காய் 1.7, வெங்காயம் 1.8, கேரட் 2.4, பீட்ரூட் 3.4. கீரையும் உருளையும் அன்றாடத் துணை. உருளையைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. மற்றக் குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொட்டாதே என்போம், இங்கே கொட்ட வேண்டும்.

படி 4: அடுப்படி

இந்தக் கரையில் பிறந்தது ஒரு வகையில் இந்தக் குழந்தைக்கு அதிர்ஷ்டம். சாளை, சூரை, நகரை, இறால், நண்டு, கணவாய், கருவாடு எதிலும் ஃப்ரக்டோஸ் இல்லை. சோறு, முட்டை, பால், தயிர், நெய், எண்ணெய், கறி, உப்பு, மஞ்சள், மிளகு, சீரகம் எல்லாம் தாராளமாக. வெள்ளரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், ஆப்பத்துக்குச் சீனி போடாத மாவு, எதற்கும் தடையில்லை.

மீன் சரி, குழம்புதான் சிக்கல். புளியின் சதையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், அதில் ஒரு பங்கு ஃப்ரக்டோஸ். அதோடு சின்ன வெங்காயம், தக்காளி, அரைத்த தேங்காய். தேங்காயிலும் சுக்ரோஸ் உண்டு. மீனைக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுப்பது போதாது, துண்டு குழம்பை உறிஞ்சியிருக்கும். குழந்தைக்கென்று தனிச் சட்டி வைப்பதே நல்லது. அதற்கு ஒரு முறை:

கால் கிலோ மீன் துண்டு, 1 டீஸ்பூன் மிளகும் அரை டீஸ்பூன் சீரகமும் பொடித்தது, கால் டீஸ்பூன் மஞ்சள், உப்பு. 2 டீஸ்பூன் நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் பொடியும் மணம் வரும்வரை வதக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. கீரை பாதி வெந்ததும் மீன், மூடி போட்டு 6 முதல் 8 நிமிடம். 1 டீஸ்பூன் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டால் குழம்பு சேர்ந்தாற்போல் வரும். புளிப்புக்கு அடுப்பை அணைத்த பிறகு 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. சட்டி முழுக்கச் சேர்த்தும் அதன் ஃப்ரக்டோஸ் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். தயிரும் புளிப்புக்கு ஆகும், ஆனால் மீனோடு தயிர் சேர்க்க மனம் ஒப்பாத வீடுகளே இங்கே அதிகம், அதனால்தான் எலுமிச்சை.

இனிப்பு ஆசைக்கு, வாசனை சேர்க்காத சுத்தமான குளுக்கோஸ் பொடி இருக்கிறது. குளுக்கோஸுக்கு அல்டோலேஸ் பி-யின் தயவு தேவையில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை போட்டவற்றில் சுக்ரோஸ் கலந்திருக்கலாம், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பால் கொழுக்கட்டைக்கு அரிசி மாவு உருண்டைகளைப் பாலில் வேகவைத்து இறக்கிய பிறகு குளுக்கோஸ் பொடி சேருங்கள். சீனியைவிட இனிப்பு குறைவு என்பதால் ஒன்றரை மடங்கு பிடிக்கும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் பாலின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பேறிக் கசப்புத் தட்டும். பல் சொத்தை குளுக்கோஸாலும் வரும், எனவே தினமும் வேண்டாம்.

பழம் இல்லாத சாப்பாட்டில் வைட்டமின் சி-யும் ஃபோலிக் அமிலமும் குறையும். சர்க்கரை இல்லாத மாத்திரையாக டாக்டர் எழுதிக்கொடுப்பார். மெல்லும் ஆரஞ்சு வில்லைகளில் சர்க்கரை இருக்கும், அவை கூடாது.

படி 5: மருந்துப் பாட்டில்

சாப்பாட்டில் கவனமாக இருக்கும் வீடுகளும் இங்கேதான் தவறுகின்றன. மருந்துக்கடை சிரப்புகளின் அடித்தளமான சாதாரண 'சிரப்' என்பது எடையில் மூன்றில் இரண்டு பங்கு சுக்ரோஸ். காய்ச்சலுக்கு 5 மி.லி. நாலு வேளை என்றால் குழந்தைக்கு ஒரு நாளில் சில கரண்டிச் சீனி போவதற்குச் சமம். காய்ச்சலால் வாந்தி என்று நினைப்பீர்கள், வாந்திக்கும் ஒரு சிரப் எழுதிக்கொடுப்பார்கள், அதுவும் இனிப்பு.

'சுகர் ஃப்ரீ' என்ற எழுத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பெரும்பாலும் அதில் சார்பிட்டால் இருக்கும். உடம்பில் சார்பிட்டால் ஃப்ரக்டோஸாகவே மாறுகிறது. நீரிழிவுக்காரருக்கு நல்லதென்று செய்தது இந்தக் குழந்தைக்குக் கெடுதல். லேபிளில் தேட வேண்டிய பெயர்கள்: சுக்ரோஸ், ஃப்ரக்டோஸ், இன்வெர்ட் சுகர் (குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்த சீனி), தேன், கார்ன் சிரப்பில் 'ஃப்ரக்டோஸ்' என்று வருவது, சார்பிட்டால், உணவுப் பொட்டலங்களில் அதன் எண்ணான 420. குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், லாக்டோஸ், ஸ்டார்ச் ஆகியவற்றுக்குப் பயமில்லை.

வழி என்ன? மாத்திரையாகக் கேளுங்கள், எடைக்கேற்ற அளவை டாக்டர் சொல்ல, பொடித்துத் தண்ணீரிலோ பாலிலோ கொடுக்கலாம். சர்க்கரைப் பூச்சு இல்லாததா என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். சில காய்ச்சல் மருந்துகள் ஆசனவாய் வழியாக வைக்கும் சப்போசிட்டரியாகவும் கிடைக்கின்றன. பற்பசையிலும் சார்பிட்டால் உண்டு. துப்பத் தெரியாத வயதில் வெறும் தண்ணீரும் பிரஷ்ஷுமே போதும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால், அறுவை சிகிச்சை என்றால், முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: ஃப்ரக்டோஸ், சார்பிட்டால், இன்வெர்ட் சுகர் கலந்த டிரிப் ஏற்றக்கூடாது. நரம்பு வழியாகப் போனால் வாந்தி என்ற தடுப்பே இல்லாமல் முழு அளவும் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். இப்படி ஏற்றியதால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. டெக்ஸ்ட்ரோஸும் உப்பு நீரும் தாராளமாக ஏற்றலாம்.

படி 6: வயிற்றுப்போக்கு வந்தால்

நம்மூரில் கைவைத்தியம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. மற்றவர்களுக்கு உயிர் காக்கும் அந்தக் கரைசல் இந்தக் குழந்தைக்கு 30 கிராம் சுக்ரோஸ். உலக சுகாதார நிறுவன அளவில் வரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது குளுக்கோஸ்: 20.5 கிராம் பொட்டலம், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். இதில் இரண்டு பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் கலக்கி வரும் பழ வாசனை பானங்களை வாங்க வேண்டாம், பலவற்றில் சீனி இருக்கிறது. பொட்டலம் தீர்ந்து கடையும் மூடியிருந்தால், உப்புப் போட்ட சாதக் கஞ்சியை நீர்க்கக் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இளநீர் வேண்டாம்.

படி 7: தவறிப் போய் இனிப்பு உள்ளே போய்விட்டால்

முழு நினைவோடு இருக்கும் குழந்தைக்குச் சுத்தமான குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 10 கிலோ எடைக்கு ஒரு தட்டை டீஸ்பூன் தொடக்கத்துக்குப் போதும். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து மறுபடி கொடுங்கள். அளவு ஏறிவிட்டாலும் சில மணி நேரம் கண் வைத்திருங்கள், கல்லீரலில் குவிந்தது கரைய நேரமாகும்.

மயக்கம், வலிப்பு, துவண்டு கிடத்தல் இருந்தால் வாயில் ஒன்றும் விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டார் பாசத்தோடு சீனியை நாக்கில் வைக்க வருவார்கள். இந்தக் குழந்தைக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். ஆஸ்பத்திரியில் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. வீதம் நரம்பில் செலுத்தி, பிறகு தொடர்ந்து டிரிப் ஓடவிடுவார்கள். இறங்கிய சர்க்கரையை ஏற்றப் போடும் குளுக்ககான் ஊசியை நம்ப முடியாது, அது தூண்டிவிட வேண்டிய கிளைகோஜன் உடைப்பையே ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் அடைத்து வைத்திருக்கிறது.

தனுஷ்கோடிப் பக்கமோ தீவுப்பக்கமோ போகும்போது குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், அந்த நேரத்தைத் தாங்க வேண்டும். கூடவே ஒரு அட்டை, தமிழிலும் ஆங்கிலத்திலும்: "பிறவி ஃப்ரக்டோஸ் தாளாமை. சீனி, தேன், கருப்பட்டி, பழம், சார்பிட்டால், இனிப்புச் சிரப் கூடாது. மயங்கினால் குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்."

அங்கன்வாடி, பள்ளி, விசேஷ வீடு

அங்கன்வாடிச் சத்துமாவில் வெல்லம் சேர்த்தே வருகிறது. அக்காவிடம் காரணத்தைச் சொல்லி, முட்டையும் சாதமும் மட்டும் கொடுக்கக் கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்துச் சிரப்பும் இனிப்புத்தான், மாத்திரையாகக் கேட்க வேண்டும். தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள், ஊசியாகப் போடுபவை பொதுவாகத் தடையில்லை.

கோயில் பஞ்சாமிர்தம், கீழக்கரைத் தொதல், கிறிஸ்துமஸ் கேக், பிறந்தநாள் மிட்டாய் எதுவானாலும் "ஒரு விரல் நுனிதானே" என்பார்கள். விரல் நுனி அளவு பெரிய மயக்கத்தைக் கொண்டுவராமல் போகலாம். ஆனால் தினமும் ஒரு விரல் நுனி சேர்ந்தால் குழந்தை வாந்தி எடுக்காமலே வளர்த்தி நின்று, கல்லீரலில் கொழுப்பு ஏறும். எந்த அறிகுறியும் இல்லாததால் யாருக்கும் தெரியாது. திருநீறு வாங்கிக்கொள்ளலாம், பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிப் பெரியவர் கையில் கொடுத்துவிடலாம். நோன்புக் கஞ்சியில் வெங்காயமும் தக்காளியும் தேங்காய்ப்பாலும் இருக்கும், குழந்தைக்கு மட்டும் அரிசி, கறி, மிளகு, சீரகம் போட்டுத் தனியாகக் காய்ச்சுங்கள்.

எடை, உயரம், கல்லீரல் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் சோதனை கிடைக்கும் இடங்களில் அதையும் பார்ப்பார்கள். ஒளிந்து போகும் ஃப்ரக்டோஸை அது காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் குவிந்த ஃப்ரக்டோஸ்-1-பாஸ்பேட் அந்தப் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுவதைக் கெடுக்கிறது.

அடுத்த பிள்ளை

முதல் குழந்தைக்கு உறுதியானால், அடுத்த கர்ப்பத்திலேயே டாக்டரிடம் சொல்லிவையுங்கள். பெற்றோரின் மரபணுப் பழுது தெரிந்திருந்தால் பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிக்கலாம். முடிவு வரும்வரை தாய்ப்பால் மட்டும். ஆறாவது வாரம் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துகளில் சுக்ரோஸ் சேர்த்தவை உண்டு, அதைக் கொடுப்பதற்கு முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். பிரசவ அறைக்கு வரும் அத்தை, பெரியம்மா, பாட்டி எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேனை வைத்தே ஆக வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், தாயின் சீம்பாலை ஒரு சொட்டு விரலில் தொட்டு ராசிக்காரர் கையாலேயே நாக்கில் வைக்கட்டும்.